வெயில் பெட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவதும் வெள்ளைக்காரத் துரைக்காகக் கடிதம் எழுதுவதும் என் வேலை. அதோடு இன்னொன்றும் என் தலையில் விழுந்தது. ஆபீஸ் முன்னால் புல்தரையில் நான்கு கால்களில் ஒரு வெள்ளை மரப்பெட்டி நின்றது. சுற்றிலும் சாய்வுச் சட்டங்கள், பூட்டுப் போட்ட சின்னக் கதவு, உள்ளே சூடு பார்க்கும் கண்ணாடிக் குழாய். தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருஷம் முழுக்கப் புழுங்கும், நடுவில் மழை கொட்டும். ஆனால் ஊர்ப் பஞ்சாங்கத்தில் கத்திரி பிறந்துவிட்டால் எங்களுக்கும் பிறந்துவிடும். அந்த வருஷம் பஞ்சாங்கம் சொன்னதை வானமும் கேட்டுக்கொண்டது. காடு அழித்துக் கன்று நட்ட புதுக்காட்டில் ஒரு நிழல் இல்லை. அங்கே புல் வெட்டிய பெண்கள் காலையிலேயே சோர்ந்துபோனார்கள். அவர்களில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத் தரித்த முதல் பிள்ளை.

அவள்தான் என்னிடம் வந்தாள். “கெராணி ஐயா, பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் லயத்து வீட்டுல இருந்துட்டு, பொழுது சாய வந்து மிச்சத்த வெட்டிக் குடுத்துர்றோம். தொரைகிட்ட சொல்லுங்க. எனக்குக் கண்ண இருட்டுது,” என்றாள்.

துரையிடம் சொன்னேன். அவர் வெயில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். போன மாதம் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று பாரன்ஹீட் டிகிரி. கத்திரி பிறந்ததிலிருந்து எண்பத்தாறு, எண்பத்தைந்து.

“வெயில் கொறஞ்சிருக்கு, கெராணி. நீ எழுதினதுதானே?” என்றார். தோட்டத் துரைமார் பேசும் தமிழ் அது, ஆனால் கேள்வி சரியாகத்தான் இருந்தது. நான் எழுதியதுதான். அதைச் சொல்லும்போது என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் கண் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்றுக்கு மூன்று தரம் பார்த்தேன், எண்பத்தாறுதான். பெட்டி மரம் ஈரமாக இருந்தது; யாரோ தூசி கழுவியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். உள்ளே கையை விட்டால் ஜில்லென்று இருந்தது. வெளியே எடுத்தால் கை எரிந்தது. வெயில் என் மண்டைக்குள் மட்டும்தான் அடிக்கிறதோ என்று பயந்தேன்.

ஒருநாள் சோறு ஆகவில்லை என்று மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு, பட்டினியாக ஒன்றரை மணிக்கே ஆபீசுக்குத் திரும்பினேன். ஆபீஸ் கிணற்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்த புல்வெட்டுப் பெண்கள் என் பெட்டி முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள். அன்று சட்ட இடுக்கில் வேப்பிலையும் செருகியிருந்தது. கடைசியாக அந்தக் கர்ப்பிணி ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“என்ன பண்றீங்க?” என்றேன்.

“அம்மனுக்குக் குளுர ஊத்துறோம் ஐயா. அவ குளுந்தாத்தானே வெயில் எறங்கும்,” என்றாள்.

“இது அம்மன்னு யாரு சொன்னது?”

“தொரையே தொப்பியக் கழட்டிட்டுக் குனியிறாரு. நீங்களும் தெனம் ஒரே நேரத்துக்கு நடை தெறக்கிறீங்க.”

எப்போதாவது குழாயைப் பார்க்கக் குனியும்போது தொப்பி விளிம்பு சட்டத்தில் இடிக்கும் என்றுதான் துரை அதைக் கழற்றுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டியதும் அது நின்றுவிட்டது. வெயில் ஏற ஏறக் குடங்கள் கூடியிருக்கின்றன. குடங்கள் கூடக் கூட என் புத்தகத்தில் எண் இறங்கியிருக்கிறது.

துரையிடம் சொன்னால் ஆபீஸ் சாமானைக் கெடுத்தார்கள் என்று அத்தனை பேரையும் விரட்டிவிடுவார். சொல்லாவிட்டால் புத்தகம் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு நடுவழி பார்த்தேன். துரையிடம் மூச்சு விடவில்லை. பெண்களிடம், இது சாமி இல்லை, வெறும் பெட்டி, இனி ஊற்றக் கூடாது என்று அதட்டினேன்.

“வெறும் பெட்டிய எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள் அந்தக் கர்ப்பிணி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீசுக்குள் போனேன்.

ஊற்றுவதை நிறுத்தினார்கள். மறுநாள் தொண்ணூற்றைந்து. அதற்கு மறுநாள் தொண்ணூற்றாறு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு துரையிடம் ஓடினேன். ஒரே ராத்திரியில் பத்து டிகிரி ஏறுமா, குழாய் கெட்டுவிட்டது என்றார் அவர். சோதிப்பதற்காக அதைக் கழற்றிக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். அது திரும்பி வரும்வரை ஓய்வு பற்றிப் பேச்சே இல்லை.

வெளியே அவள் காத்திருந்தாள். “ஊத்தாதீங்கன்னீங்க. ஏறிடுச்சு பாத்தீங்களா?” என்றாள். என் கையில் இருந்த புத்தகமும் அதையேதான் சொன்னது.

குழாய் போன நாலாம் நாள் மதியம் அவள் புதுக்காட்டில் விழுந்தாள். கம்பில் சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், பேர் போட்டு முடிந்த பிறகும் ஆபீஸ் வராந்தாவில் நின்றாள்.

“நான் விழுந்த அன்னிக்கு எவ்வளவு சூடு ஐயா?”

புத்தகத்தில் அந்த நாள் வெறுமையாக இருந்தது. குழாய் இல்லை, பார்க்கவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. குற்றம் வெயிலுடையது, அவளுடையது அல்ல என்று தெரியட்டும் என்று நினைத்தேன்.

“தொண்ணூத்தெட்டு,” என்றேன்.

“அவ்வளவா,” என்றாள். பெட்டிப் பக்கம் திரும்பினாள். “அன்னிக்கு மட்டுமாவது ஊத்தியிருக்கணும்.”