சித்தேரி மலைப்பாதையில் ஓர் அமானிதம்

போன ஆகஸ்டில் நான் அரூர் போனதற்குக் காரணம் என் தோழி நஸ்ரின். சேலத்தில் இஸ்லாமியத் தத்துவத்தில் ஆய்வு செய்கிறாள். 'இன்றைக்கு மனிதராக இருப்பது' பற்றி அரூரில் ஒரு கூட்டத்தில் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் சித்தேரி மலைக்குப் போகலாம் என்றாள். மலைக்காகத்தான் கிளம்பினேன், தத்துவத்துக்காக இல்லை.

ஆனால் கூட்டத்தில் அசந்துபோனேன். ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "எல்லாத்தையும் ஏஐ செஞ்சுடுதுங்க மேடம். அப்புறம் மனுசன் எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அமானிதம்னு ஒரு சொல் இருக்கு. நம்மள நம்பி ஒப்படைச்சது" என்றாள் நஸ்ரின். "வானமும் மலையும் ஏத்துக்கப் பயந்த பொறுப்பை மனுசன் ஏத்துக்கிட்டான்ங்கறது எங்க நம்பிக்கை. மெஷின் வேலை செய்யும். ஆனா இறைவன் முன்னால பதில் சொல்லவேண்டியது நாமதான்."

மதியம் இரண்டரைக்குச் சித்தேரி பேருந்து. முப்பது கிலோமீட்டருக்குள்தான், ஏற்றம் என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். சன்னலோரம் பிடியுங்கள், பள்ளத்தாக்கு மனதை அள்ளும்!

பாதி மலையில் வண்டி நின்றது. சாலையை அடைத்து ஒரு பெரிய மரம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஜீப்பில் பிரசவ வலியில் துடிக்கும் பெண், பக்கத்தில் அவள் கணவன். செல்போனில் சிக்னல் இல்லை. எல்லோரும் தள்ளியும் மரம் அசையவில்லை. அவளை மெல்லத் தூக்கி மரத்தைத் தாண்டி எங்கள் பேருந்தில் கிடத்தினோம். மேலே போகிறவர்களை ஜீப் ஏற்றிக்கொள்ளும் என்று ஏற்பாடானது.

ஓட்டுநர் தயங்கினார். "பாதியில திருப்புனா டிப்போவுல நான்தான் பதில் சொல்லணுங்க."

"நாங்களும் கூட வர்றோங்கண்ணா. யார் கேட்டாலும் சேர்ந்து பதில் சொல்றோம்" என்றாள் நஸ்ரின்.

ஜீப்பில் ஏறப்போன ஓர் அக்கா திரும்பி வந்தார். "எம்புள்ளைங்கள பக்கத்து வூட்டுல பாத்துக்குவாங்க. இந்தப் பொண்ணுக்குத் தொணை வேணும். எடுங்கண்ணா வண்டிய!"

வண்டி திரும்பி அரூருக்கு இறங்கியது. அந்த அக்கா அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டே வந்தார். அரூர் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தோம். கடைசியில் கணவன் ஓடிவந்தான்: "பொம்பளப் புள்ளைங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அந்த அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவர் ஜீப்பில் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். போக முடிந்தும் போகாமல் நின்றாரே, கூட்டத்தில் நஸ்ரின் சொன்ன அமானிதம் எனக்கு விளங்கியது அங்கேதான்.

மறுநாள் மரத்தை அகற்றிய பிறகு சித்தேரி போனோம். தவறவிடாதீர்கள்! மழைக்காலத்தில் காலைப் பேருந்தில் ஏறுங்கள், நேரத்தை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் மாற்றுத் துணியும் வைத்திருங்கள். அன்றே திரும்பியாக வேண்டும் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். வழியில் நீங்கள் யாருக்காவது தேவைப்படலாம்.