எங்கள் பூவாடைக்காரி கப்பலேறிப் போனாள்

எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முந்தின வெள்ளிக்கிழமை பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும். வாழ வேண்டிய வயதில் செத்துப்போன வீட்டுப் பெண்ணை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கும்பிடுவார்கள். புதுப் புடவை, பூ, மஞ்சள், பொங்கல். படைத்த புடவையை வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பூவாடைக்காரி என் கொள்ளுத் தாத்தாவின் தங்கை. புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்கு வந்தவள், இருபத்திரண்டு வயதில் கால் தவறிக் கிணற்றில் விழுந்தாள் என்பது கதை. அந்தக் கிணற்று மேட்டிலிருந்துதான் அவளைக் கலசத்தில் அழைத்து வருவோம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கிணற்றை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதனால் அம்மனைக் கேன் தண்ணீரிலிருந்து அழைக்கிறோம். அவளும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். நான் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் ஊர் பேஸ்புக் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஃபிஜியிலிருந்து ஒரு அம்மாள் பழைய காகிதம் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர்களுக்கு மதராஸில் எழுதிய சீட்டு. “என் பாட்டியின் அம்மா இந்த ஊர். யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டிருந்தார். பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு, ஸ்ரீபெரும்புதூர் தாலுகா, எங்கள் கிராமம், இடது புறங்கையில் தழும்பு. கடைசியில் நெருங்கிய உறவினர் யார் என்று ஒரு கட்டம். அதில் அண்ணன் என்று போட்டு ஒரு பெயர். அது என் கொள்ளுத் தாத்தாவின் பெயர், எங்கள் பழைய நிலப் பத்திரத்தின் முதல் வரியில் இருக்கிறது. சீட்டில் இருந்த பெண்ணின் பெயரைத்தான் ஒவ்வொரு படையலிலும் சொல்லிக் கூப்பிடுகிறோம். தயிர் சாதம் கையிலேயே காய்ந்துவிட்டது.

அந்த அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் வராது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஃபேக்டரி இங்கிலீஷ். முதல் கடிதத்தையே ‘கைண்ட்லி’ என்றுதான் ஆரம்பித்தேன். அவர் பல வருஷமாக ஒவ்வொரு காகிதமாகத் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். இந்தச் சீட்டை வைத்துக் கப்பலின் ஆள் பட்டியலைப் பிடித்தார், பட்டியலை வைத்துத் தோட்டத்துப் பதிவேட்டைப் பிடித்தார். வழியில் கடலில் செத்தவர்களுக்கு எதிரே குறிப்பு இருந்தது. இவளுக்கு இல்லை. இறங்கினாள், கரும்பு வெட்டினாள், இன்னொருவரைக் கட்டிக்கொண்டாள், நான்கு பிள்ளை பெற்றாள், தலை நரைத்துச் செத்தாள்.

ஸ்டோர்ஸ்காரனுக்கு இது புரியாமல் போகுமா? காணாமல் போன சரக்குக்குப் பதில் சொல்ல முடியாதபோது ஸ்க்ராப் என்று எழுதித் தள்ளிவிடுவோம். தங்கை வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொல்வதைவிடக் கிணறு சுலபம். பிறகு மனசு உறுத்தியதோ, பயமோ, சாமியாக்கிவிட்டார் கொள்ளுத் தாத்தா.

“வீட்டில் யாராவது அவளை நினைத்துக்கொண்டார்களா?” என்று அந்த அம்மாள் வீடியோ காலில் கேட்டார். நாங்கள் அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறோம் என்றேன். அவர் அழுதுவிட்டார். படையலைப் போனில் காட்ட முடியுமா என்றார். காட்டுகிறேன் என்றேன். ஏன் தெய்வமானாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“இன்னா சொல்றீங்க? சாவலயா அவங்க? அப்ப இத்தினி வருசம் உசுரோட இருந்தவங்களுக்கா படையல் போட்டாங்க?” என்றாள். கொஞ்ச நேரம் வெங்காயம் நறுக்கினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்: “உங்க தங்கச்சிக்கு எப்ப போடறதா இருக்கீங்க?”

என் தங்கைக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்த திருநெல்வேலிப் பையனைக் கட்டிக்கொண்டு போய் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வேற சாதி. அப்பா தலைமுழுகினார். நிஜமாகவே, வாசலில் உட்கார்ந்து வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். மொண்டு ஊற்றியது நான். அதன் பிறகு அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பூவாடைக்காரியின் புடவையைப் பங்காளி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க ஆரம்பித்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா படுக்கையில் விழுந்தார். யார் சொன்னார்களோ, அவள் என் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றாள். ஊருக்குள் வரப் பயந்திருப்பாள். செக்யூரிட்டி ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு, “சார், உங்க தங்கச்சியாம், அப்பாவப் பாக்கணுமாம்” என்றார். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். “எனக்குத் தங்கச்சியே இல்லப்பா” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனாளாம். அடுத்த மாதம் அப்பா போய்விட்டார். அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. இத்தனை நாளும் எல்லாவற்றையும் அப்பாவின் வைராக்கியத்தின் மேல் ஏற்றிவைத்திருந்தேன். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை.

சீட்டின் கடைசிக் கட்டம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. துறைமுகத்தில் அந்தப் பெண் தனியாக நிற்கிறாள். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று குமாஸ்தா கேட்கிறார். விட்டு வந்த வீட்டை நினைத்து, அண்ணன் இருக்கிறார் என்கிறாள். நான் கேட்டுக்கு உள்ளே இருந்த அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழத்தோடு, தங்கை குடியிருக்கும் படப்பைக்கு விசாரித்துக்கொண்டு போனேன். மனைவி வர மறுத்துவிட்டாள். “நீங்க பண்ணது, நீங்களே போங்க.” புது மனைகளுக்கு நடுவில் ஒரு மாடி வீடு. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். காதோரம் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கப்பல் கதையைச் சொன்னேன். சீட்டைப் போனில் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள்.

“பாவம், அவங்க கடல் தாண்டிப் போய்ட்டாங்க, திரும்பி வர முடியல” என்றாள். “நான் படப்பையிலதாண்ணா இருந்தேன். ஷேர் ஆட்டோ ஏறினா இருபது நிமிசம்.”

பத்திரிகையை நீட்டினேன். வெள்ளிக்கிழமை படையல், புடவையை நீதான் கட்டிக்கணும் என்றேன். அவள் கை நீட்டவில்லை.

“அப்பா கடைசியா என்னக் கேட்டாரா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. அப்பாவின் வைராக்கியம் அப்படியே இருந்திருக்கும். ஆனால் கேட்டார். அவள் கேட்டுக்கு வந்து போன அன்று சாயங்காலமே கேட்டார்.

“கேட்டாரும்மா. பாப்பா வந்துச்சாடானு கேட்டாரு. வரலைனு சொல்லிட்டேன்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“நீ கெளம்புண்ணா” என்றாள் உள்ளே இருந்தபடியே.