ஒரு கிளாஸ் குறைந்த போத்தல்

திங்களும் வியாழனும் என் மனைவி வேலை முடிந்து ஒரு சிவப்பு வைன் போத்தலோடு வருவாள். அதில் எப்போதும் ஒரு கிளாஸ் குறைந்திருக்கும். மிச்சத்தைக் குடித்தது நாங்கள்தான். ஆனால் நான் யோசித்ததெல்லாம் அந்தக் குறைந்த ஒரு கிளாஸைப் பற்றித்தான்.

நகரின் நடுவே பொலிதேயாமாப் பக்கம் தனியாக இருக்கும் ஒரு யூதக் கிழவருக்கு அவள் சமைத்துக் கொடுக்கிறாள். ஐயா என்பதற்கு இங்கே சொல்கிற மாதிரி, சினியோர் என்றுதான் சொல்வாள். யூதர்களின் முறைப்படி செய்த கோஷர் வைன் மட்டும்தான் அவர் வீட்டில் உண்டு. விலை கூடியது ஒன்றுமில்லை. தினச் சாப்பாட்டோடு குடிக்கிற ஏழெட்டு யூரோ வைன், ரோமிலிருந்து பெட்டியாக வரும். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கட்டடங்களில் மாடிப்படி கழுவுகிற வேலை எனக்கு. வைனைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் எங்கள் நாலாம் மாடி வீட்டில், சூடை மீன் குழம்பும் பிட்டும் சாப்பிட்டு வாய் எரியும்போது, குளிர்ப்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்த அந்த வைனில் ஒரு வாய் குடித்தால் உறைப்பு அடங்கி மீனின் ருசி திரும்பி வரும். நல்ல வைன். அதுதான் எனக்கு எரிச்சல்.

"அந்தாள் ஏன் உமக்கு வைன் தாறார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிஞ்சினதைத் தாறார். வேண்டாமெண்டு சொல்லட்டோ?"

"ஒரு கிளாஸ் குடிச்சால் ஒரு போத்தல் மிஞ்சுமோ?"

"வயசு போன மனுசன், கனக்கக் குடிக்கமாட்டார். நீங்கள் குடியுங்கோ, சும்மா கதையாதேங்கோ."

அதற்கு மேல் கேட்க எனக்குக் கூச்சம்.

அவளோ அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருப்பாள். சமையலுக்கு முன் அடுப்பை அவர்தான் தன் கையால் பற்றவைப்பாராம். அது அவர்களின் முறையாம். இருபது வருடத்தில் நான் அவளுக்காக அடுப்புப் பற்றவைத்ததில்லை. அடுத்த நாள் காலை அவள் எழும்புவதற்கு முன் எழும்பிப் பற்றவைத்தேன். "என்ன, காய்ச்சலோ?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னொரு நாள் சொன்னாள்: "அவருக்குக் கை நடுங்குது. தனியச் சாப்பிடுற நாளிலை மேசைவிரிப்பு முழுக்க வைன் கறை. நான் போற நாளிலை நான்தான் போத்தலைத் திறந்து ஊத்திக் குடுக்கிறனான்."

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அவரவர் ஊற்றிக் குடிப்பதுதான் வழக்கம்.

ஒரு திங்கட்கிழமை அவர் வீட்டு பல்கனிக் கதவின் ஷட்டரை ஏற்றி இறக்குகிற நாடா அறுந்துவிட்டது. மாற்றிக் கொடுக்க என்னை வரச் சொன்னார். வாசனை பூசிய, உயரமான ஒரு மனிதரை நான் மனதில் வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் மெலிந்து, ஸ்வெட்டரின் பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தார். என் கையைக் குலுக்கிவிட்டு நிலத்தைப் பார்த்தார். நானும் நிலத்தைத்தான் பார்த்தேன்.

மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று எனக்காக்கும் என்று நினைத்து, வெட்கத்தில் வேலை முடியாதவன் போல பல்கனியில் ஷட்டருக்குப் பின்னாலேயே நின்றேன். என் மனைவி பாஸ்தாவைக் கொண்டுவந்து வைத்தாள். போத்தலைத் திறந்து அவருடைய கிளாஸில் ஊற்றினாள். அவர் நன்றி சொன்னார். அவள் சாலட் எடுக்கக் குசினிக்குப் போனாள். அவர் கிளாஸோடு எழும்பி, பாதி இறக்கிய ஷட்டருக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது தெரியாமல் கையை நீட்டி, அங்கிருந்த எலுமிச்சைச் செடியின் சாடிக்குள் வைனை ஊற்றினார். திரும்பிப் போய் இருந்து, குடித்தவர் மாதிரி வாயைத் துடைத்தார். அந்த எலுமிச்சையின் இலைகள் மஞ்சளித்திருந்தன.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. என் மனைவி ஊற்றியதை அந்த மனிதர் குடிக்கவில்லை. எங்கள் இரண்டு ஆண்களில், இத்தனை மாதமும் குடித்தவன் நான் ஒருவன்தான். சாப்பிட நிற்காமல், அவளுக்குக் கீழே காத்திருக்கலாம் என்று மாடிப்படி இறங்குவதற்குள் அந்தச் சந்தோசம் புளித்துவிட்டது. எங்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடுகளை ஊரில் கண்டவன் நான்.

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

"வியாழக்கிழமை கேக்கிறன்."

"கேளாதையும். வேலை போயிடும்."

"போனால் போகட்டும். என்ரை கை என்ன ஊத்தையோ?"

வியாழக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பாவம், காதெல்லாம் சிவந்துபோச்சு அவருக்கு," என்றாள். "தங்கடை ஆக்கள் இல்லாதவை திறந்து ஊத்தின வைனை அவை குடிக்கேலாதாம். வேதச் சட்டமாம். என்ரை மனசு நோகுமெண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்."

"ஊரிலையும் இப்பிடித்தானே சொன்னவை?"

"அது வேறை. மாதா கோயில் பூசையிலை கிண்ணத்துக்குள்ளை திராட்சை இரசத்தைச் சுவாமியார் எங்களை ஊத்தச் சொல்லுறவரோ? அதுமாதிரித்தான் இது. ஊரிலை எங்களை வாசலுக்குள்ளை விடேல்லை. இவர் என்னோடை ஒரே மேசையிலை இருந்தெல்லோ சாப்பிடுறவர்."

"ஒரே மேசையிலையோ?"

அந்த இரண்டாவது தட்டு எனக்கு வைத்ததல்ல. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள்.

கோஷரிலேயே, போத்தலில் அடைப்பதற்கு முன் சூடாக்கின வைன் என்று ஒரு வகை இருக்கிறதாம். அதை யார் ஊற்றினாலும் அவர்கள் குடிக்கலாம். ருசி குறைவு என்று அவர் அதுவரை அதை வாங்கியதில்லை. அடுத்த பெட்டி அந்த வைனாக வந்தது. இப்போது என் மனைவி ஊற்றுகிறாள், அவர் குடிக்கிறார், மிச்சத்தை மூடி வைக்கிறார். எங்கள் வீட்டுக்குப் போத்தல் வருவதில்லை.

"உமக்காகத் தன்ரை வைனையே மாத்திப்போட்டார்," என்றேன்.

"எனக்காகவோ? தன்ரை கை நடுக்கத்துக்காக. எலுமிச்சையும் தளிர்க்குது."

எலுமிச்சை தளிர்த்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. காரணம் இல்லாத நாளில் பொறாமைப்பட்டேன். காரணம் வந்த பிறகு அவளோ சிரிக்கிறாள். வேறு வைன் வாங்கிப் பார்த்தேன். மீன் குழம்போடு அது சேரவில்லை, அல்லது நான் சேரவிடவில்லை. கடைசியில் அவர் பெட்டி எடுக்கும்போது எங்களுக்கும் அந்தப் பழைய வைனில் ஒரு போத்தல் எடுத்துத் தரச் சொல்லி அவளிடம் காசு கொடுத்துவிட்டேன்.

அந்தப் போத்தல் வந்த அன்றும் சூடை மீன்தான். போத்தலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"என்ன, உங்களுக்கும் கை நடுங்குதோ?"

"ஓம்."

அவள் ஊற்றினாள்.

"அவருக்கும் இவ்வளவோ ஊத்துறனீர்?"

"ஓம், இவ்வளவுதான்."

"அப்ப இன்னும் ஊத்தும்."

விளிம்புவரை ஊற்றிவிட்டாள். தூக்கினால் சிந்தும். குனிந்து, மேசையில் இருந்தபடியே வாயை வைத்து உறிஞ்சினேன்.