மனுவில் எழுதாமல் விட்டது

மூன்று வருடங்களுக்கு முன், ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஷெட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே பெயிண்ட் அடிக்கும் பட்டறை. மாடியில் தகரத் தடுப்பு வைத்துப் பிரித்த ஆறு அறைகள்; ஐந்தில் குடும்பங்கள், ஒன்றில் நான். வண்டிகளுக்குப் போகும் ரப்பர் பாகங்களை மூட்டையாக வாங்கி வந்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பார்கள். குடியிருக்க அனுமதி வாங்காத கட்டடம் என்பது எல்லோருக்கும் தெரியும். இறங்க ஒரே படிக்கட்டு. அதன் அடியில்தான் பட்டறையில் பெயிண்டில் கலக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் தின்னர் டிரம்கள்.

எனக்குக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டால் எழுதி ஒட்டுவேன். பொருள் ரீவொர்க் ஆகி, அதாவது சரிசெய்யப்பட்டு, திரும்பி வரும். ஒருநாள் அந்தப் படிக்கட்டுப் பக்கம் ஸ்விட்ச் போர்டில் பொறி பறந்ததைப் பார்த்தேன். ஓனரிடம் சொன்னேன்.

"இத்தன வருசமா ஒண்ணும் ஆவலியே சார், பாத்துக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்துவிட்டேன். டிரம்களை அகற்ற வேண்டும், பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தேன். கட்டடமும் ரீவொர்க் ஆகித் திரும்பி வரும் என்று நினைத்த மண்டு நான்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மனிதர் வசிக்கவே தகுதியில்லாத கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டி, ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். அதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் இத்தனை பேரும் எங்கே போவார்கள் என்பது நோட்டீஸில் இல்லை. என் மனுவிலும் இல்லை.

எனக்கு நண்பனின் அறை இருந்தது. பக்கத்து அறையில் இருந்த, அஞ்செட்டி மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு அப்படி யாருமில்லை. கணவருக்கு லோடு ஏற்றும் வேலை. மகள் எதிர்த்தெருப் பள்ளியில் ஐந்தாவது படித்தாள். மனு கொடுத்தது நான்தான் என்று தெரிந்தும் அந்தப் பெண் சண்டை போடவில்லை.

"நல்லதுக்குத்தானண்ணா பண்ணுனீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நாலைந்து மாதம் கழித்துச் சந்தையில் என்னைப் பார்த்து, விடாமல் வீட்டுக்கு அழைத்துப் போனார். இன்னொரு ஷெட். கீழே மெத்தைக்கான பஞ்சு குடோன். மேலே ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. ஏறி இறங்கப் படிக்கட்டுகூட இல்லை, இரும்பு ஏணி. மகள் இரண்டு பஸ் மாறி அதே பள்ளிக்குப் போகிறாளாம். நான் அவர்களைத் துரத்திவிட்ட இடமே இதற்கு எவ்வளவோ மேல். வெட்கமாக இருந்தது.

டீ குடிக்கும்போது என் கண், பழக்கதோஷத்தில், ஸ்விட்ச் போர்டைத் தேடியது. அவர் கவனித்துவிட்டார்.

"அண்ணா, கும்பிட்டுக் கேக்கறேன். இங்கியும் எழுதிப் போட்றாதீங்க."

எழுதவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்காவது தீ விபத்து என்று செய்தி வந்தால் முதலில் ஊர்ப் பெயரைத்தான் பார்க்கிறேன். ஓசூர் இல்லை என்றதும் எனக்குள் வரும் அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.