சர்வேயர் ஸ்டாண்டு

என் முதல் ட்ரைபாடை ட்ரைபாட் என்று சொன்னால் மூன்று கால் உள்ள எல்லாவற்றுக்கும் அவமானம். ஆன்லைனில் வாங்கியது. கறுப்பு பிளாஸ்டிக். நீட்டினால் கொக்கு மாதிரி உயரும், பக்கத்தில் யாராவது தும்மினால் ஆடும். கூடவே ஒரு பையும் இலவசமாக வந்தது. அதில் உருப்படியான பொருள் அந்தப் பைதான்.

திருப்போரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காதுகுத்து, ஞானஸ்நானம், கிரகப்பிரவேசம் என்று தனியாகப் போவேன். ஒரு ஞாயிறு நெம்மேலிக் கடற்கரையில் ஞானஸ்நானக் குழந்தையோடு குடும்பமே வரிசையாக நின்றது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்ததால் கேமராவை அந்தக் கொக்குக்காலில் வைத்தேன். குழந்தையின் குல்லாவைச் சரிசெய்ய நாலடிதான் நகர்ந்திருப்பேன். காற்று ஒரே தள்ளு. கேமரா கருங்கல்லில் குப்புற விழுந்து லென்ஸ் உடைந்தது. குழந்தையின் அப்பா சிரித்தார்.

"இன்னா மேடம், ஸ்டாண்டே ஸ்டாண்டா நிக்கலியே?"

அவர் சிரித்ததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

லென்ஸ் மாற்றியதில் சேர்த்துவைத்தது முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தில் நல்ல ஸ்டாண்டு ஒன்று வாங்கியாக வேண்டும். முதலில் வீடியோக்கள் பார்த்தேன். ஏசி அறையில், வழுவழுப்பான டைல்ஸ் தரையில் ட்ரைபாடை நிறுத்தி, "கடற்கரைக்கு ஏற்றது" என்று சத்தியம் பண்ணுகிறார்கள். ஃபேன்கூட ஓடவில்லை அந்த அறையில்.

பிறகு நாவலூரில் ஒரு பெரிய கேமரா கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்துவிட்டு, எடை குறைந்ததாக ஒன்றை எடுத்துவந்தான்.

"லேடீஸுக்கு இதான் மேடம் கரெக்ட். லைட் வெயிட்டு. ஹேண்ட்பேக்ல வெச்சிக்கலாம்."

"ஹேண்ட்பேக்குல வெக்கிறதுக்கு எனக்கு வேற சாமான் கீது. கனமா காட்டுங்க."

முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொன்றை வைத்தான். கால்களை முழுக்க இழுத்து, பூட்டி, தலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினேன். ஒரு கால் மெதுவாக உள்ளே போயிற்று, வெட்கப்பட்டுக்கொண்டு போவதுபோல.

"இன்னா மேடம், ஒட்ச்சிடப் போறீங்க!"

"ஒடையுதான்னுதான் பாக்குறேன்."

அடுத்ததன் நடுக்கம்பியை ஏற்றித் திருகினேன். அது பல்லாடுவதுபோல் ஆடியது. மூன்றாவதை அவன் என்னைத் தொடவே விடவில்லை. உண்மையாகவே உறுதியாக இருந்த ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதன் விலையைக் கேட்டேன். பதிலுக்கு அவன் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்காகவே அந்தக் கடைக்குள் இனி காலை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

மாமல்லபுரக் கரையில் விடிகாலையில் படம் எடுக்க ஐடி ஆட்கள் கும்பலாக வருவார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாமென்று போனேன். ஒருவர் தன்னுடைய கார்பன் ட்ரைபாடை ஒரு விரலால் தூக்கிக் காட்டினார். அப்படியொரு லேசு. கீழே பார்த்தால் தண்ணீர் பாட்டிலையும் பவர்பேங்கையும் பையில் போட்டு அதன் வயிற்றில் தொங்கவிட்டிருக்கிறார்.

"அது எதுக்கு சார்?"

"காத்துல ஆடக்கூடாதில்ல? வெயிட்டு வேணும்."

கனம் குறைவதற்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டு, கனத்துக்காகத் தண்ணீரைத் தொங்கவிடுகிறவரிடம் அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு வேண்டியது கிடைத்தது மனை விற்கும் இடத்தில். திருப்போரூருக்கு வெளியே, என் அம்மா நாற்று நட்ட வயலை மட்டமடித்து, அலங்கார வளைவு வைத்து, கலர் கொடி நட்டிருந்தார்கள். வாங்க வருகிறவர்கள் மனையின் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறமாதிரி படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே சர்வேயர் தன் அளவு மெஷினை ஒரு ஸ்டாண்டில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பெயின்ட் அடித்த தடித்த மரக்கால்கள். நுனியில் இரும்பு முனை, மிதித்து மண்ணில் இறக்குவதற்கு. எதிர்க்காற்றில் கொடியெல்லாம் படபடத்தது. அது அசையவில்லை.

"அண்ணாத்த, ஒருவாட்டி அழுத்திப் பாக்கட்டுமா?"

மெஷினை இறக்கிவிட்டு அவர் தள்ளி நின்றார். என் முழு எடையையும் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

"இது மேல நான் ஏறி நின்னுகீறேன்மா," என்றார். "பழசு ஒண்ணு ஷெட்ல சும்மா கெடக்குது. ஒரு கால்ல கிளாம்ப் போச்சு. வேணும்னா எடுத்துக்கோ."

நான் சும்மா வாங்கவில்லை. நாவலூர்ப் பையன் காட்டிய ஹேண்ட்பேக் சாமானின் விலையில் பாதிகூட அவர் கேட்கவில்லை. ஸ்டாண்டின் திருகாணி தடிமனானது, கேமராவின் அடித்துளையோ சின்னது. செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறையில் இரண்டுக்கும் நடுவே பொருந்த ஒரு பித்தளைத் துண்டு கடைந்து கொடுத்தார்கள். கிளாம்பும் போட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. உலகத்தில் ட்ரைபாட் வாங்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

முதல் வேலை கரையோரம் ஒரு குப்பத்தில், காதுகுத்து. சீக்கிரமே போய், மணலில் கால்களை மிதித்து இறக்கி, கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். முன்னால் நின்ற அக்காவின் கையில் மீன் வெட்டிய ஈரம்.

"யாரும்மே நீ? எவன் அனுப்சான் உன்ன?"

"போட்டோ எடுக்கக்கா..."

"போட்டோன்னுதான் போன தபாவும் சொன்னானுங்க. இதே மஞ்ச ஸ்டாண்டுதான். அளந்துட்டுப் போய் புறம்போக்குன்னு நோட்டீஸ் ஒட்டினானுங்க. எடுத்துகினு கெளம்பு."

ஒரு பெண் வீட்டுக்குள் ஓடி ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் வைத்த பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்த ஸ்டாண்டைப் பார்த்தால் மனிதர்களுக்கு என்ன தோன்றும் என்று ஒரு நிமிடம்கூட நான் யோசித்திருக்கவில்லை. என் அம்மாவின் வயலில் அதைப் பார்த்தபோது, ஆடவில்லையே என்றுதான் சந்தோஷப்பட்டேன். அந்தக் கடைப் பையனை விட மட்டமான ஒருத்தியாக அந்த மணலில் நின்றேன்.

காதுகுத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, "நம்ம ஆளுதாம்பா" என்று சொல்லியும் நம்பவில்லை. கேமராவை மாட்டி, அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வூடு தெரியுது."

"ஆமாக்கா."

"அப்ப அத்த எடு. கதவு நம்பர் தெரியணும். நாங்க முன்னால நிக்கிறோம்."

எடுத்தேன். கவர் கொண்டுவந்த பெண் அடுத்ததாக வந்து, தன் வீட்டு வாசலில் கரண்ட் பில்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டைப் பிடுங்கி, தூக்கி, அடுத்த வாசலில் மிதித்து இறக்கினேன். காதுகுத்து ஒருமணி நேரம் தள்ளிப்போயிற்று, குழந்தை தூங்கியே விட்டது. எல்லாப் படத்திலும் கதவு நம்பர் துல்லியமாக இருந்தது.

மறுநாள் கடையில் எல்லாவற்றையும் பெரிய சைஸில் பிரின்ட் போட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் மஞ்சள் கால்களுக்கு அடிக்க ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கிக்கொண்டேன்.