லாரி நின்ற இடத்துக் கோடு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு போடுவது என் வேலை. ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளன். பதினெட்டு வருடத்தில் அந்தக் கோட்டை மதித்து யாரும் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. போடச் சொன்னார்கள், போட்டேன்.

போன மாதம் சென்னையிலிருந்து தானாக ஓடும் கார் ஒன்று சோதனைக்கு வந்தது. ஓட்டுநர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண் பொறியாளர். கோடுகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

"இது எத்தப் பாத்து ஓடுது மேடம்?"

"முக்கியமா உங்க கோட்டைத்தான் சார்."

நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

விக்கிரவாண்டிக்கு முன்னால், காலிச் சாலையில், கார் திடீரென்று வலப்பக்கம் ஒதுங்கி, கொஞ்ச தூரம் போய், மறுபடி இடப்பக்கம் வந்தது. பின்னால் வந்த பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

"முன்னாடி ஒண்ணுமே இல்லையே, ஏன் ஒதுங்குச்சு?" என்றார் பொறியாளர்.

திரும்பி வந்து மறுபடி ஓட்டினார்கள். அதே இடத்தில் அதேபோல் ஒதுங்கியது. மூன்றாம் முறையும். அவர் சென்னைக்குப் போன் போட்டார். அங்கே நாலைந்து பேர் காரின் மூளையில் என்ன கோளாறு என்று தேட ஆரம்பித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மேடம், அங்க ஒரு லாரி நின்னுக்கினு இருந்துச்சி."

"எங்க சார்?"

"இப்ப இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, லோடு. அச்சு முறிஞ்சி ஓரத்துல நின்னுச்சி. சூடு பண்ணி வச்ச பெயிண்ட் கலவை ஆறிடும்னு, லாரிய சுத்திக் கோடு போட்டுட்டோம். அப்புறம் லாரி போயிடுச்சி."

அவர் போனை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இந்த மாதிரி வேற எங்கெல்லாம் இருக்கு?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டி ஜல்லிக் குவியல், கூட்டேரிப்பட்டில் கல்யாண வேன், இன்னும் ஐந்து. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். இத்தனை வருடமும் இவற்றையெல்லாம் மனதுக்குள் வைத்திருந்தேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. சொல்லி முடித்ததும் பசித்தது.

ஒப்பந்தக்காரர் மறுநாள் கூப்பிட்டார். "எவனும் கேக்காதத நீயே ஏன்யா போய்ச் சொன்ன? பேஜாரா போச்சு."

"அது நம்ம கோட்ட நம்பி வருதுங்க."

 கடைசியில் அவரே, லாரி நின்ற இடத்தோடு சேர்த்து எட்டு இடத்திலும் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போடச் சொன்னார். சுரண்டுவதற்கு இரண்டு ஆள் கேட்டேன். ஒருவரைக் கொடுத்தார்.