இலந்தைக்குத் தண்ணீர்

ஒட்டுக் கட்டும் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படிக்கச் சேர்ந்த வருடம் வாங்கியது. மரப்பிடி தேய்ந்துவிட்டது. என் கோபம் தேயவில்லை.

திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள் நான். தண்ணீர் ஊற்றாமலே பழம் தரும் மரம் வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால் பல்கலைக்கழகப் பண்ணையின் தரிசு மூலையில் காட்டு இலந்தைக் கொட்டைகளை நேரடியாக ஊன்றினேன். பையில் வளர்த்த கன்றின் ஆணிவேர் சுருண்டுவிடும். மண்ணிலேயே முளைத்ததன் வேர் ஈரத்தைத் தேடி நேரே கீழே இறங்கும். மறு வருடம், நின்ற இடத்திலேயே அவற்றில் நல்ல இலந்தையை ஒட்டுக் கட்டினேன். கையெல்லாம் முள். ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. மரங்கள் காய்த்தன. அந்த ஆய்வை நம்பித்தான் மேற்படிப்புக்குக் காத்திருந்தேன்.

எங்கள் துறைப் பேராசிரியர் வெயிலுக்கு வராதவர். விவசாயிகள் பண்ணையைப் பார்க்க வந்த நாளில் மட்டும் தொப்பியோடு வந்து மரத்தடியில் நின்று, எல்லாம் தம்முடைய ஆய்வு என்றார். பிறகு என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான் தினமும் தண்ணி ஊத்துச்சு" என்றார். கூட்டம் எனக்குக் கை தட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் எழுதிக் கொடுத்த கட்டுரை அவர் பெயரில் வந்தது. மேற்படிப்பு இடம் அவருக்கு வேண்டிய ஒருவருக்குப் போனது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

இன்று எங்கள் காடு முழுக்க இலந்தை நிற்கிறது. அவர் ஓய்வு பெற்று, பந்தல்குடிப் பக்கம் நிலம் வாங்கி இலந்தை நட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன கோடையில் காய்ந்த இலந்தைக் கன்று ஒன்றை வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு அவரே வந்தார்.

"வச்சது பூராம் பட்டுப்போச்சும்மா. ஒன் காட்டுல மட்டும் எப்படி நிக்கிது?"

வேரைப் பார்த்தேன். பைக்குள் சுருண்டது சுருண்டபடியே இருந்தது. என் கட்டுரையில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட மனிதர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு மனம் இளகிவிட்டது. "சொல்லித் தொலையேன், பாவம், வயசானவுக" என்றான்.

எனக்கு இளகவில்லை. இத்தனை வருடமாய்த் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"தண்ணி ஊத்துங்க சார். தினமும் ஊத்துங்க."

அவர் முகம் கறுத்தது. பழையது நினைவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பந்தல்குடி வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். மறுபடியும் பைக் கன்றுகளையே நட்டு, வேறு வழி தெரியாமல் தண்ணீர் லாரியை வரவழைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். கேட்டு வருகிற யாருடைய காட்டுக்கும் இந்தக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போய் ஒட்டுக் கட்டிக் கொடுக்கிறேன். அந்த ஒரு நிலத்துக்கு மட்டும் அது போகாது.